நூக் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கிரீன்லாந்து தினமும் செய்தியில் அடிபடுகிறது. தலைநகர் நூக்கின் படங்களைத் தேடிப் பார்த்தேன். கடலோரம் சிவப்பும் மஞ்சளுமாக மர வீடுகள். சற்றுத் தள்ளி, நம்மூர் ஹவுசிங் போர்டு போல நீண்ட கான்கிரீட் அடுக்குகள். இத்தனை இடம் கிடக்கும் நாட்டில் அடுக்குமாடி எதற்கு? அந்த ஊருக்கென்று பழைய வரலாறு ஏதும் உண்டா?

ஆர்., மயிலாடுதுறை

அன்புள்ள ஆர்.,

உண்டு. உங்கள் பக்கத்து ஊரோடு அதற்குத் தொடர்பும் உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவை அனுப்பிவைத்த டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக்தான், 1721இல் ஹான்ஸ் எகெடே என்ற நார்வே பாதிரியாரையும் கிரீன்லாந்துக்கு அனுப்பினார். 1728இல் எழுந்த கோட்ஹாப் குடியிருப்பே இன்றைய நூக். அந்தக் கடற்கரையில் மனிதர்கள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்திருக்கிறார்கள். ஊர் வேர்பிடிக்கும் முன்பே, 1733இல் கப்பலில் வந்த பெரியம்மை சுற்றுவட்டாரப் பழங்குடிகளான இனுவிட் மக்களை வாரிக்கொண்டு போயிற்று.

அடுக்குமாடிகளின் கதை பிற்காலத்தது. 1953இல் கிரீன்லாந்து காலனி என்ற நிலை நீங்கி டென்மார்க்கின் பகுதியானது. மீன் ஆலைகளுக்கு ஆள் வேண்டும், பள்ளியையும் மருத்துவமனையையும் சில ஊர்களில் குவித்தால் செலவு மிச்சம் என்று டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் அரசு கணக்குப் போட்டது. சிற்றூர்கள் பல மூடப்பட்டன. வேட்டைக் குடும்பங்கள் நகரத்துக்கு வந்தன. அப்படி 1960களில் நூக்கில் எழுந்ததுதான் பிளாக் பி (Blok P) என்ற அடுக்குமாடி. ஐந்து மாடி, முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகள். நாட்டு மக்களில் நூற்றில் ஒருவர் அந்த ஒரே கட்டடத்தில் குடியிருந்தார். கனத்த உரோம ஆடையோடு நுழைய முடியாதபடி வாசல்கள் குறுகல். மீன்பிடிச் சாமான்களை வைக்க இடமில்லாமல் பால்கனியில் அடைத்தார்கள். வேட்டையில் கிடைத்ததைக் குளியல் தொட்டியில் போட்டு அறுத்தார்கள். இரத்தம் உறைந்து வடிகால் அடைத்துக்கொண்டது. இதில் அம்மக்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சீல் (கடல்நாய்) அறுக்க இடமில்லாத வீட்டை வேட்டைக்காரருக்குக் கட்டிக்கொடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். அதே காலத்தில், 1964இல், அரசு வேலையில் கிரீன்லாந்தில் பிறந்தவருக்கு டென்மார்க்கில் பிறந்தவரைவிடக் குறைந்த சம்பளம் என்று சட்டமே போட்டார்கள். படித்த இளைஞர்கள் கொதித்ததில் வியப்பென்ன? 1979இல் தன்னாட்சி கிடைத்தது. ஊரின் பெயரும் நூக் ஆனது. பிளாக் பி-யை 2012இல் இடித்தார்கள்.

இன்று நாட்டின் மூன்றில் ஒருவர் நூக்கில் வசிக்கிறார். பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் எல்லாம் உண்டு. வேறொரு ஊருக்குப் போகச் சாலை மட்டும் கிடையாது. படகு அல்லது விமானம்தான்.

துறைமுகத்துக்கு மேலே குன்றில் எகெடே சிலை நிற்கிறது. 2020இல், காலனி ஆட்சியின் அடையாளம் என்று அதன்மேல் சிவப்புச் சாயம் ஊற்றினார்கள். அகற்றலாமா என்று நகராட்சி ஊர்மக்களிடமே வாக்குக் கேட்டது. இருக்கட்டும் என்றவர்களே அதிகம். வேண்டாம் என்றவர்களும் கணிசம்.