நீராவி வசதி உள்ள வாஷிங் மெஷினா, ஹீட்டர் மட்டும் போதுமா?

குழந்தைக்குத் தூசி ஒவ்வாமை, அதனால் கூடுதல் பணம் கொடுத்து நீராவி மெஷின் வாங்கலாமா, ஹீட்டர் உள்ளதே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தை படும் பாடு புரிகிறது. என் கருத்து: உங்களுக்கு முதலில் வேண்டியது 60 டிகிரி வரை தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர்தான். ஒவ்வாமை தரும் தூசிப்பூச்சிகள் அந்தச் சூட்டில் செத்துவிடும். போர்வை, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை அப்படித் துவைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். துணியின் லேபிள் அந்தச் சூட்டை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீராவி வீண் என்று சொல்லவில்லை. சுருக்கம் குறையும், வாடை போகும். ஆனால் நீராவியால் புத்துணர்வூட்டும் குறுகிய சுற்று துவைப்பதே இல்லை. அழுக்கும் கறையும் அப்படியே இருக்கும்.

பால் கறை போகவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பால், முட்டை, இரத்தக் கறைகளில் புரதம் இருக்கிறது. சூடு பட்டதும் அது இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள், அப்புறம்தான் சூடு. பட்டு, கம்பளிக்கு நீராவி வேண்டாம்.

உப்புத் தண்ணீராக இருந்தால் ஹீட்டரில் படிவு சேரும். அவ்வப்போது டிரம்மைச் சுத்தம் செய்யும் சுற்றை ஓட்டுங்கள். துவைத்து முடித்ததும் கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், ரப்பரில் பூஞ்சை பிடிக்காது. குழந்தைக்கு ஒவ்வாமை இருப்பதால் உங்கள் வீட்டில் அதுவும் முக்கியம்.