மிச்சமே ஆகாத ஆஸ்பத்திரி செலவில் மூன்று டிக்கெட்

கேள்வி: நெதர்லாந்தில் ஐந்தோவனில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் மாதம் 3,000 யூரோ. மனைவிக்கு இப்போது 24-வது வாரம், மார்ச் முதல் வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். சிக்கல் ஏதுமில்லாததால் வீட்டிலேயே பிரசவம் பார்க்கலாம் என்று மருத்துவச்சி சொல்கிறார், மனைவிக்கும் அதுதான் விருப்பம். வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலைப் பார்த்ததும் பயமாகிவிட்டது. சேமிப்பு 1,100 யூரோதான். வங்கிக் கணக்கு 3,400 மைனஸில் நிற்கிறது, வட்டி 12 சதவீதம். ஒன்றரை வருடமாக மாதம் 600 யூரோ மதுரைக்கு அனுப்புகிறேன், அப்பா வாங்கிய மனைக்கு 32,000 ரூபாய் தவணை போகிறது. பிரசவத்துக்கு அம்மா, அப்பா, தங்கை மூவரும் வர வேண்டும் என்கிறார்கள். "ஆஸ்பத்திரி செலவுதான் மிச்சமாகுதேடா, அதுல டிக்கெட் எடு" என்கிறார் அம்மா. மச்சான் வேறு தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கும் திட்டத்தில் சேரச் சொல்கிறார், 2,000 யூரோ. எல்லாவற்றுக்கும் சேர்த்து 5,000 யூரோ பெர்சனல் லோன் எடுக்கலாமா? அடுத்த வருடம் வீடு வாங்கும் எண்ணமும் உண்டு.

பதில்: லோன் வேண்டாம். பட்டியலைப் பார்த்து பயந்திருக்கிறீர்கள். நான் பயந்தது உங்கள் வங்கிக் கணக்கைப் பார்த்து.

முதலில் அந்தப் பட்டியல். 'க்ராம்பக்கெட்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. உறிஞ்சும் விரிப்புகள், பெரிய நாப்கின்கள், காஸ் துணி, தொப்புள் கிளிப், 70 சதவீத ஆல்கஹால் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். பல காப்பீட்டு நிறுவனங்கள் கேட்டால் இலவசமாக வீட்டுக்கு அனுப்பும், சிலவற்றில் துணைக் காப்பீடு இருந்தால்தான் தருவார்கள். கேட்காமல் கடையில் போய் வாங்கிவிடாதீர்கள். அது போக இரண்டு வெந்நீர்க் குப்பி, ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், மெத்தைக்கு பிளாஸ்டிக் விரிப்பு, இரண்டு வாளி, குப்பைப் பைகள், ஒரு டஜன் மெல்லிய பருத்தித் துணி. ஆக்சிஜன், ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி, தையல் சாமான் எல்லாம் மருத்துவச்சி கொண்டுவருவார். அவர் நான்கு வருடம் படித்துப் பட்டம் வாங்கியவர் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள், பாதி பயம் போய்விடும்.

கட்டிலுக்கு முட்டுக்கட்டை எதற்கு, அதில்லாமல் முடியாதா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். முடியாது. கட்டில் சுமார் 80 சென்டிமீட்டர் உயரத்துக்கு வர வேண்டும், அதற்காக நான்கு கால்களுக்கு அடியிலும் வைப்பது அது. வருகிறவர்கள் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தால் அவர்கள் இடுப்பு என்னாவது? கடைசியில் பிரசவம் ஆஸ்பத்திரியிலேயே நடந்தாலும், அதன்பின் தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு அந்த உயரம் வேண்டும். வாடகைக்கே கிடைக்கிறது, வாங்க வேண்டாம். எல்லாம் சேர்த்து 180 யூரோ தாண்டாது. 37-வது வாரத்துக்கு முன் வீட்டில் இருக்கட்டும்.

அந்தப் பெண்ணின் சேவைதான் 'க்ராம்சோர்க்'. எட்டு நாளில் வழக்கமாக 45 முதல் 49 மணி நேரம் வருவார். உங்கள் பங்கு மணிக்கு ஐந்து யூரோ சொச்சம், 270 என்று வையுங்கள். அடுத்து, முதல் பிரசவத்தில் கணிசமான பேரை நடுவில் ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிறார்கள். மருத்துவச்சியின் கட்டணத்துக்கும் பிரசவச் செலவுக்கும் 'எய்கன் ரிசிகோ', அதாவது காப்பீடு தருவதற்கு முன் வருடா வருடம் நீங்கள் கையிலிருந்து கட்டும் முதல் தொகை, கிடையாது என்றாலும் ஆம்புலன்சுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் உண்டு. ஜனவரியில் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும், ஆகவே 385 யூரோ முழுவதையும் எடுத்து வையுங்கள். 180, 270, 385. மோசமான நிலையிலும் 835தான். இதற்கா 5,000 கடன்?

அம்மா சொல்லும் மிச்சத்துக்கு வருவோம். மதுரையில் தனியார் ஆஸ்பத்திரி பில் பார்த்தவர் அப்படித்தான் சொல்வார். உங்களுக்குத் தெரிய வேண்டாமா? நெதர்லாந்தில் மருத்துவக் காரணத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போனால் பிரசவச் செலவைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். காரணமில்லாமல் நீங்களாகப் போனால்தான் சில நூறு யூரோ கையிலிருந்து கட்ட வேண்டும். வீட்டில் பெறுவதால் மிச்சம் அவ்வளவுதான், அதுவும் கைக்கு வரும் பணம் இல்லை. மூன்று பேருக்கு டிக்கெட் 2,550, விசா தலைக்கு 90, கட்டாயப் பயணக் காப்பீடு, ஆக 3,200 வரும். வராத பணத்தில் மூன்று பேரை விமானம் ஏற்றப் பார்க்கிறீர்கள்.

உங்களிடம் இருக்கும் ஒரே கோளாறு இதுதான்: ஊரிலிருந்து போன் வந்தால் கணக்கு பார்க்காமல் அன்றைக்கே அனுப்பிவிடுகிறீர்கள், கையில் பணம் இல்லையென்றால் மைனஸில் போய் அனுப்புகிறீர்கள். யூரோவுக்கு 95 ரூபாய் என்று வைத்தாலே 600 யூரோ 57,000 ரூபாய். தவணை 32,000 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாதா மாதம் அந்த 25,000 எங்கே போகிறது? ஒன்றரை வருடத்தில் நாலு லட்சத்துக்கு மேல் ஆகிறது. கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். அந்த மீதியை அனுப்பத்தான் இங்கே 3,400 மைனஸுக்கு மாதம் 34 யூரோ வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். லோனும் சேர்ந்தால் 8,400. இதே வட்டி என்றால் மாதம் 84 யூரோ, அசல் தனி.

வீடு வாங்கப் போகிறவருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் இந்த மைனஸ் வரம்பும், அதாவது எவ்வளவு வரை மைனஸில் போகலாம் என்று வங்கி விடும் தொகையும், கடன் பதிவேட்டில் ஏறும். வீட்டுக்கடன் கேட்கும்போது, நீங்கள் தொட்டாலும் தொடாவிட்டாலும், வரம்பின் 2 சதவீதத்தை மாதச் சுமையாக எடுத்துக்கொள்வது வழக்கம். 5,000 வரம்பு என்றால் மாதம் 100 யூரோ. கிடைக்கும் வீட்டுக்கடன் ஆயிரக்கணக்கில் குறையும். மைனஸ் அடைய அடைய வரம்பையும் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

டிசம்பரிலிருந்து 340 யூரோ மட்டும் அனுப்புங்கள். தவணை நிற்காது, உங்களுக்கு மாதம் 260 நிற்கும். பிப்ரவரிக்குள் 780, சேமிப்போடு 1,880. பிரசவத்துக்கு 835 போனால் மீதி ஆயிரத்துக்கு மேல் இருக்கும். அது பிள்ளை பிறந்ததும் நீங்கள் எடுக்கும் விடுப்புக்கு. முதல் வாரம் முழுச் சம்பளம், அதன்பின் ஐந்து வாரம் 70 சதவீதம்தான், கிட்டத்தட்ட ஆயிரம் யூரோ குறையும். இதை நீங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை! மே மாதம் வரும் விடுமுறைப் படி முழுவதும் மைனஸுக்குப் போகட்டும்.

அம்மா மட்டும் வரட்டும், டிக்கெட்டை அப்பா தவணை போக மாதா மாதம் மிஞ்சிய அந்த 25,000 ரூபாயிலிருந்து எடுக்கட்டும். பிள்ளை பிறந்து எட்டாம் நாள் க்ராம்சோர்க் பெண் போன பிறகு வந்தால்தான் அம்மாவின் கையும் மிளகு ரசமும் உண்மையில் உதவும். அப்பாவும் தங்கையும் அடுத்த வருடம் வரலாம். வருத்தப்படுவார்கள், பேசித்தான் ஆக வேண்டும். மனைவியை விட்டுப் பேச வைக்காதீர்கள், அது உங்கள் வேலை.

தொப்புள்கொடி ரத்தம்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலே, சொந்தப் பிள்ளைக்குப் பின்னாளில் பயன்படும் என்று தனியாரிடம் சேமிக்க அறிவியல் ஆதாரம் இல்லை என்கிறது. பிறந்ததும் கொடியைச் சற்று நேரம் கழித்து வெட்டினால் அந்த ரத்தம் பிள்ளைக்கே போய்ச் சேரும், அதற்கு யாரும் பில் போடுவதில்லை. மச்சானுக்குக் கமிஷன் உண்டா என்று மட்டும் விசாரியுங்கள்.

ஆபீஸில் யாராவது எய்கன் ரிசிகோவை 885 ஆக்கினால் பிரீமியம் குறையும் என்பார்கள். பிள்ளை பிறக்கும் வருடத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள். அதற்குப் பதிலாக, க்ராம்சோர்க் பங்கைத் திருப்பித் தரும் துணைக் காப்பீடு ஜனவரியிலிருந்து எவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள். கூடுதல் பிரீமியம் வருடத்துக்கு 270-க்குக் கீழே இருந்தால்தான் லாபம். பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பழையதை ரத்து செய்ய டிசம்பர் 31 கடைசி.

க்ராம்சோர்க்குக்குப் பதிவு செய்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பலர் நான்காவது மாதத்துக்குள் முடித்துவிடுவார்கள், ஆள் தட்டுப்பாடு வேறு. அப்பாவிடம் பேசுவதை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம், இந்தப் போனை நாளைக் காலையிலேயே போடுங்கள்.