காந்திமதி என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தன் அம்மாவின் பெயரான காந்திமதியையே வைக்க வேண்டும் என்கிறார் கணவர். இந்தக் காலத்தில் யார் இப்படிப் பெயர் வைக்கிறார்கள்? பள்ளியில் கேலி செய்ய மாட்டார்களா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தயங்காமல் வையுங்கள், மகளே. நானும் நெல்லைக்காரிதான். என் பள்ளிக்காலத்தில் “காந்திமதி” என்று டீச்சர் கூப்பிட்டால் இரண்டு மூன்று பேர் எழுந்து நிற்பார்கள்; இனிஷியலைச் சேர்த்தால்தான் குழப்பம் தீரும். நெல்லையப்பர் கோயில் அம்மனின் பெயர் அல்லவா! சங்கரன்கோவில் பக்கம் கோமதி, மதுரையில் மீனாட்சி, திருக்கடையூரைச் சுற்றி அபிராமி என்று பெயரை வைத்தே ஊரைச் சொல்லிவிடலாம். பிறகு ஷகரமும் ஹகரமும் ஒலிக்கும் பெயர்கள்மேல் மோகம் வந்தது. மீனாட்சியும் அபிராமியும் தாக்குப்பிடித்தார்கள். காந்திமதி பாட்டிகளோடு நின்றுபோனாள். எனக்கு அதில் தீராத வருத்தம்.

மாமியார் பெயரைச் சொல்லிக் குழந்தையை அதட்ட மருமகளுக்குக் கூச்சமாக இருக்கும். அதற்காகத்தான் நம் வீடுகளில் கூப்பிடும் பெயர் என்று தனியாக ஒன்று வைத்தார்கள். நீங்கள் ‘மதி’ என்று கூப்பிடுங்கள். இன்றைய பிள்ளைகளின் பெயர்களோடு அது அழகாகச் சேர்ந்துகொள்ளும், கேலிக்கும் இடமில்லை.

அவசரமும் வேண்டாம். பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதிவு செய்யலாம். 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். பதிந்த பெயரை மாற்றுவதுதான் சிரமம். கணவரோடு பேசி முடிவெடுத்த பிறகே எழுதிக் கொடுங்கள்.