பழைய வீட்டுக் கணினிக்கு நினைவகம் கூட்டும் அட்டையை வீட்டிலேயே செய்ய முடியுமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள்.

முடியும். 28 கால்கள் உள்ள ஒரேயொரு சில்லு, 28 கம்பிகள், ஒரு கொள்ளளவி. இவ்வளவுதான். போன வருடம் கச்சான் காற்று அடித்த மாதங்களில், திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு மேசையில் வைத்து நானே செய்து முடித்தேன்.

உங்களுடையது 16 கிலோபைட் எம்எஸ்எக்ஸ் (பல நிறுவனங்கள் ஒரே பொதுத் தரத்தில் செய்த வீட்டுக் கணினி) என்று எழுதியிருக்கிறீர்கள். என்னுடையதும் அதுவே. 1986இல் மாமா குவைத்தில் இருந்து கொண்டுவந்தது. இடம்பெயர்ந்து அலைந்த காலமெல்லாம் அம்மா அதைப் பழைய சேலையில் சுற்றி றங்குப்பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினார்.

எம்எஸ்எக்ஸ் என்பது உங்கள் நல்ல காலம். 1983இல் அறிவிக்கப்பட்ட அந்தத் தரத்தின்படி, இசட்80 செயலியின் முகவரிக் கம்பிகளும் தரவுக் கம்பிகளும் விளையாட்டு அட்டை செருகும் 50 முனை வாயான ஸ்லாட்டுக்கு வந்துவிடுகின்றன. பெட்டியைத் திறக்கவே வேண்டாம். செயலிக்கு ஒரே நேரத்தில் 64 கிலோபைட்தான் தெரியும். அதை 16 கிலோபைட் வீதம் நான்காகப் பிரித்து, எந்தப் பகுதி எந்த ஸ்லாட்டில் இருந்து வரவேண்டும் என்பதைக் கணினியே தெரிவுசெய்கிறது. உங்கள் அட்டையை அழைக்கும்போது 4ஆம் முனையின் மின்னழுத்தம் கீழே இறங்கும். ஸ்பெக்ட்ரம் என்ற இன்னொரு பழைய வீட்டுக் கணினி வைத்திருப்பவர்கள் இந்தத் தெரிவு வேலைக்கென்றே தனிச் சில்லுகள் போட்டு மாரடிக்க வேண்டும். நமக்கு அது வேண்டாம்.

சில்லின் எண் 62256. 32 கிலோபைட் நிலை நினைவகம் (ஸ்டாடிக் ரேம்). அடிக்கடி புதுப்பிக்கும் தொல்லை இல்லை. புதிதாக வாங்கவும் வேண்டியதில்லை. பழைய 486 கணினிகளின் தாய்ப்பலகையில் கேஷ் எனும் வேக நினைவகமாக 61256 போன்ற எண்களில், இதே கால் வரிசையில், சற்று ஒல்லியான சில்லுகள் சொக்கெட்டில் செருகப்பட்டிருக்கும். எனக்கு அப்படியொரு பலகை பழைய இரும்புக் கடையில் கிடைத்தது.

முகவரிக்கு 15 கம்பிகள், தரவுக்கு 8. சில்லைத் தெரிவுசெய்யும் காலுக்கு ஸ்லாட்டின் 4ஆம் முனை, எழுதும் காலுக்கு 13, படிக்கும் காலுக்கு 14. மின்சாரத்துக்கு 45, நிலத்துக்கு (கிரவுண்ட்) 41. கூட்டிப் பாருங்கள், 28 கால்களும் தீர்ந்துவிடும். 104 என்று அச்சிட்ட கொள்ளளவியைச் சில்லின் மின்கால்களுக்கு மிக அருகில் பற்றவையுங்கள். 48ஆம் முனையில் 12 வோல்ட் வருகிறது, 50இல் எதிர் 12 வோல்ட். எண்ணுவதில் தவறினால் சில்லு அந்த நொடியே போய்விடும். ஆகவே சில்லைச் செருகும் முன் வெறும் அட்டையைப் போட்டு மல்டிமீட்டரால் 5 வோல்ட்டை உறுதிசெய்யுங்கள். செருகுவதும் கழற்றுவதும் கணினியை அணைத்த பிறகே.

நான் முதலில் பழுதான விளையாட்டு அட்டை ஒன்றின் பலகையை வெட்டி எடுத்துச் செய்தேன். இரண்டு இரவுகள் வீணாகின. ஒவ்வொரு கம்பியையும் சரிபார்த்தேன். எல்லாம் சரி, நினைவகம் மட்டும் கூடவில்லை. கடைசியில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: அந்தப் பலகையில் 13ஆம் தொடுமுனையே இல்லை. விளையாட்டு அட்டையில் இருப்பது படிக்க மட்டுமான நினைவகம். அதற்கு எழுதும் கம்பி எதற்கு? செய்தவர்கள் அந்தச் செப்புக் கீற்றை விட்டுவிட்டார்கள். 50 தொடுமுனைகளும் உள்ள வெற்றுப் பலகையை இணையத்தில் வாங்கிய பிறகுதான் வேலை முன்னேறியது.

எங்கள் ஊர்க்காரர் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். கடற்காற்றின் உப்பு ஸ்லாட்டின் உள்ளே பச்சைக் களிம்பாகப் படிந்திருக்கும். தடித்த மட்டையில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்து, மெதுவாக உள்ளே விட்டு எடுங்கள். எனக்கு ஏழாவது துணியில்தான் பச்சை நின்றது. அட்டையின் தொடுமுனைகளுக்கு அழிறப்பர் போதும்.

வேலை சரியா என்பதைத் திரையே சொல்லும். 16 கிலோபைட் இருக்கும்போது தொடக்கத் திரையில் 12431 பைட்டுகள் மீதி என்று காட்டும். அட்டை வேலைசெய்தால் 28815. முழு 32768 வராததற்குக் காரணம், கணினி தன் சொந்தக் கணக்குகளுக்கு 3953 பைட்டுகளை ஒதுக்கிக்கொள்வதுதான். 64 கிலோபைட் போட்டாலும் பேசிக் மொழியில் இந்த எண் அதிகரிக்காது. ஏனென்றால் முகவரியின் கீழ்ப்பாதியில் கணினியின் ரொம், அதாவது படிக்க மட்டுமான நினைவகம், உட்கார்ந்திருக்கிறது. எண்ணைப் பார்த்ததோடு நிறுத்தாமல், 3000 உறுப்புள்ள அணி ஒன்றை அறிவித்து எல்லா இடத்திலும் எண்களை எழுதித் திரும்பப் படியுங்கள். அதற்கு ஏறத்தாழ 24000 பைட்டுகள் வேண்டும். பழைய நினைவகத்தில் அது முதல் வரியிலேயே நின்றுவிடும்.

எஸ்டி அட்டை வாசிக்கும் ஆயத்த அட்டைகள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. நல்லவைதான். ஆனாலும் முதலில் இதைச் செய்யுங்கள் என்றே சொல்வேன். நீலத் திரையில் 28815 வந்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எண்ணைப் பார்க்கவில்லை, விசைப்பலகையைத்தான் தடவிப் பார்த்தார்.

அந்த 486 பலகையில் இருந்து கழற்றிய சில்லுகளில் இன்னும் ஆறு என்னிடம் இருக்கின்றன. நீங்கள் திருகோணமலைப் பக்கம் என்றால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், ஒன்று தருகிறேன்.