பட்டறைக் கேள்வி பதில்: பித்தளைப் பல் சக்கரம்

கேள்வி: ஊசல் கடிகாரம் ஒன்று செய்கிறேன். 64 பல் சக்கரம் வெட்ட, டிவைடிங் ஹெட்டில் (சக்கரத்தைச் சம பாகங்களாகத் திருப்பித் தரும் கருவி), அதன் துளைத் தட்டான பிளேட்டில் 16 துளை வட்டம் வைத்து, பல்லுக்குப் பத்துத் துளை தள்ளினேன். 64 வெட்டும் முடிந்த பிறகு ஏழெட்டுப் பல் அகலத்துக்கு வெறும் பித்தளை மிஞ்சிவிட்டது. பிளேட் தவறா, கணக்கு தவறா? (ஈரோடு வாசகர்)

பதில்: பிளேட்டும் சரி, கணக்கும் சரி. எண்ணியதில்தான் சறுக்கிவிட்டீர்கள். கைப்பிடி 40 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று வரும். 40-ஐ 64-ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்கு 5/8 சுற்று. 16 துளையில் அது பத்து. ஆனால் பத்துத் துளை அல்ல, பத்து இடைவெளி. கைப்பிடியின் ஊசி இப்போது நிற்கிற துளையை நீங்கள் ‘ஒன்று’ என்று எண்ணியிருக்கிறீர்கள், அது பூஜ்யம். அடுத்த வாரம் இதே கிழமையை ‘இன்னைக்கு எட்டு’ என்று சொல்லிப் பழகிய நாக்கு நம்முடையது, கையும் அப்படித்தான் எண்ணும். ஒன்பது இடைவெளி தள்ளினால் சக்கரத்தில் 71 பல்லும் ஒரு கீற்றும் வரும். நீங்கள் 64-இல் நிறுத்தியதால் மிச்சம் தெரிந்தது. பல்லெல்லாம் ஒல்லியாகவும் இருந்திருக்குமே?

நான் வெட்டிய முதல் சக்கரமும் இதே கதைதான். “எண்ணத் தெரியாதவனுக்கு எதுக்குடா கடிகாரம்?” என்றார் எங்கள் மேஸ்திரி. அந்தச் சக்கரம் இன்னமும் என் பட்டறையில் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.

பிளேட்டின் மேல் கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கைகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு நடுவில் 11 துளை தெரியும்படி வைத்துத் திருகை இறுக்குங்கள். அப்புறம் எண்ணவே வேண்டாம். வெட்டுவதற்கு முன்னால் மார்க்கர் பேனாவால் விளிம்பைக் கறுப்பாக்கி, கட்டர் லேசாக உரசும்படி மட்டும் ஒரு முழுச் சுற்று போங்கள். 65-ஆவது கீறல் முதல் கீறலின் மேலேயே விழ வேண்டும். கால் மணி நேர வேலைதான், ஒரு தகடு மிச்சமாகும். கைப்பிடி துளையைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் இழுத்துப் போடாதீர்கள். அரைச் சுற்று பின்னால் போய், பழைய திசையிலேயே வந்து சேருங்கள். இல்லாவிட்டால் உள்ளே சக்கரத்தைத் திருப்புகிற வார்ம் என்ற திருகின் ஆட்டம் ஒரு பல்லைக் குண்டாக்கிவிடும். டீ வந்தால் ஊசியைத் துளையில் போட்டுவிட்டுக் குடியுங்கள்.

கேள்வி: மாட்யூல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்) 0.8, பல் 64. பெருக்கி 51.2 மி.மீ. கடைந்தேன். பல் குட்டையாக, மொட்டையாக வந்தது. ஏன்? (திருப்பூர் வாசகர்)

பதில்: 51.2 என்பது இரு சக்கரமும் தொட்டு ஓடுகிற கற்பனை வட்டம். பல்லின் தலை அதற்கு வெளியே நீள வேண்டும். கடிகாரப் பல்லுக்கு நான் பல் எண்ணிக்கையோடு 2.76 கூட்டிப் பெருக்குகிறேன். 66.76 தடவை 0.8, அதாவது 53.4 மி.மீ. வெட்டின் ஆழம் 2.36 மி.மீ., ஒரே வீச்சில். கட்டரின் முகம் தட்டையாக, நல்ல கூராக இருக்கட்டும். எண்ணெய் வேண்டாம். கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள், ஊசி ஊசியாகத் தெறிக்கும்.

கேள்வி: பாட்டியின் பழைய பித்தளைக் குடத்தை வெட்டித் தகடாக்கலாமா? (கும்பகோணம் வாசகி)

பதில்: குடத்தை விட்டுவிடுங்கள் அம்மா. தட்டி வளைக்கிற பித்தளை அது, கட்டரில் ஒட்டி இழுக்கும், சுருள் சுருளாக வரும். ஈயம் கலந்த ‘ஃப்ரீ கட்டிங்’ பித்தளை என்று கேட்டு 2 மி.மீ. தகடு வாங்குங்கள். அது சுருளாமல் ரவை மாதிரி உதிரும்.

கேள்வி: சின்னப் பல்லையும், அதாவது பினியனையும், பித்தளையிலேயே வெட்டினால் என்ன? (கரூர் வாசகர்)

பதில்: வேண்டாம், எஃகில் செய்யுங்கள். 64 பல் சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் எட்டுப் பல் பினியன் எட்டு சுற்று சுற்றிவிடும். வேடிக்கை என்னவென்றால், பழைய கடிகாரத்தைப் பிரித்தால் பெரும்பாலும் தேய்ந்திருப்பது அந்த எஃகுதான். தூசி மெத்தென்ற பித்தளையில் பதிந்துகொண்டு, உப்புத்தாள் மாதிரி எஃகை ராவிவிடுகிறது.

கேள்வி: ஆங்கிலப் புத்தகத்தில் சொன்னபடி ஊசலை 99.4 செ.மீ. நீளத்துக்கு வைத்தேன். தினமும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்குகிறது. பல்லில் ஏதும் தப்பா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: பல் தப்பினால் இவ்வளவு சின்னதாகத் தப்பாது. நடுச் சக்கரத்தில் 64-க்கு 63 வெட்டியிருந்தால் நாளுக்கு ஏறக்குறைய 23 நிமிடம் முந்தும். உங்கள் ஊசல்தான் நீளம். 99.4 என்பது லண்டன் அளவு. பூமத்திய ரேகைப் பக்கம் புவியீர்ப்பு கொஞ்சம் குறைவு என்பதால் நம் பக்கம் 99.1 போதும். 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரீஸில் சரிபார்த்த கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனபோது, அதுவும் தினம் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. குண்டுக்குக் கீழே இருக்கும் நட்டு எம்6 மரை என்றால் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறும், நாளுக்கு 43, 44 வினாடி கூடும். மூன்று சுற்று ஏற்றிவிட்டு ஒரு நாள் ஓடவிட்டுப் பாருங்கள்.