சிறை அதிகாரிகள் மீது கைதி தொடுத்த வழக்கு: மேல்முறையீட்டில் எதைப் பார்ப்பார்கள்?

அமெரிக்காவில் மாநிலச் சிறையில் இருக்கும் ஒருவர் அதிகாரிகள் மீது தொடுத்த குடிமை உரிமை வழக்கு (தம் அரசியலமைப்பு உரிமைகளை அவர்கள் மீறினர் என்னும் வழக்கு) கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் தள்ளுபடியானால், மேல்முறையீட்டில் வழக்கு முழுவதும் மறுபடி விசாரிக்கப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விசாரிக்கப்படாது. சாட்சிகளை அழைக்காமல், கீழ்நீதிமன்றத்தில் ஏற்கெனவே பதிவானவற்றைக் கொண்டு, தீர்ப்பு சட்டப்படி நிற்குமா என்பதையே வழக்கமாக மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு பார்க்கிறது.

எனினும், ஜூரி விசாரணைக்கே அனுப்பாமல் ஆவணங்களை மட்டும் பார்த்து வழக்கை முடித்திருந்தால், அது சரியா என்பதை மேல்நீதிமன்றம் கீழ்நீதிமன்றத்தின் முடிவுக்குக் கட்டுப்படாமல் புதிதாக ஆராய வேண்டும். சான்றுகள் முரண்படும் இடங்களில் கைதி தரப்புச் சான்றையே ஏற்றுக்கொண்டு ஆராய வேண்டும். ஆகவே, மனுவில் உள்ளவை உண்மை, பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்று அவர் உறுதியளித்துக் கையொப்பமிட்டிருந்தால், தாமே நேரில் கண்டதாக அவர் கூறுபவை சான்றாகவே கருதப்படும். நோட்டரி சான்று தேவையில்லை.

என்னை மிகவும் வருத்துவது, சிறைக்குள்ளேயே புகார் கொடுத்து எல்லாப் படிகளையும் முடித்த பிறகே வழக்குத் தொடரலாம் என்ற 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிபந்தனை. புகாருக்கான கெடு தவறினாலும் நிபந்தனை நிறைவேறவில்லை என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதால், கடுமையான கொடுமையைச் சொல்லும் வழக்குகூட அதன் உண்மை ஆராயப்படாமலேயே விழக்கூடும். ஆனால் படிவம் தர மறுப்பது, மிரட்டுவது, புரிந்துகொள்ளவே முடியாதபடி விதிகளை வைத்திருப்பது போன்றவற்றால் புகார் வழி நடைமுறையில் அடைபட்டிருந்தால், அதை முடிக்கவில்லை என்று கைதியைக் குறை கூற முடியாது என 2016-இல் ராஸ் எதிர் பிளேக் வழக்கில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதிகாரியே புகார்ப் படிவங்களைக் கிழித்தெறிந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு வழக்கில், புகார்ப் படிகள் முடிக்கப்பட்டனவா என்ற கேள்வி வழக்கின் சாரத்தோடு பின்னிக்கிடந்தால் ஜூரியே அதைத் தீர்மானிக்க வேண்டும் என்று 2025-இல் தீர்ப்பாயிற்று. புகார் வழி அடைபட்டிருந்தது என்ற வாதத்துக்குக் கைதியின் தரப்பில் இடமிருந்தால் நான் முதலில் இதையே எழுதச் சொல்வேன்.

மற்றொரு தடை, முன்பே தெளிவாக நிலைபெற்ற உரிமையை மீறினாலொழிய அதிகாரி இழப்பீடு தர வேண்டியதில்லை என்னும் பாதுகாப்பு. 2020-இல் டெய்லர் எதிர் ரியோஹாஸ் வழக்கில், டெக்ஸாஸ் சிறையில் ஒருவரை மொத்தம் ஆறு நாட்கள், முதலில் மலம் படிந்த அறையிலும் பின்னர் கடுங்குளிரான அறையிலும் அடைத்ததாகக் கூறப்பட்டபோதும் கீழ்நிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தப் பாதுகாப்பை வழங்கியிருந்தது. இது அரசியலமைப்புக்கு முரணானது என்று நியாயமான எந்த அதிகாரிக்கும் தெரிந்திருக்கும் எனக் கூறி உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. மிகவும் தேவையான தீர்ப்பு அது.

மேல்முறையீட்டு அறிவிப்பைத் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தர வேண்டும். வழக்கறிஞர் இல்லாத கைதி அதைச் சிறை அதிகாரியிடம் தபாலுக்காக ஒப்படைத்த நாளே தாக்கல் நாள் என்பது 1988 முதல் உள்ள நெறி. ஒப்படைத்த நாளை உறுதிமொழியுடன் எழுதி இணைப்பது நல்லது. ஏழ்மையைக் காட்டினாலும் கட்டணம் தள்ளுபடியாகாது, அவருடைய சிறைக் கணக்கிலிருந்து மாதத் தவணையாகப் பிடிக்கப்படும். மேல்முறையீடு அடிப்படையற்றது என்று தள்ளுபடியானால், அவர் பெயரில் ஒரு பாதகக் குறி விழும். அப்படி மூன்று சேர்ந்தபின், உடலுக்கு உடனடி ஆபத்து இருந்தாலன்றி, முழுக் கட்டணத்தையும் முன்னதாகக் கட்டாமல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் புதிய வழக்கையோ மேல்முறையீட்டையோ நடத்த முடியாது.