காதுகுத்து டிவிடியைச் சுருக்கும் முன்னால் அப்படியே பிரதி எடுங்கள்

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் கல்யாணம் மூன்று விசிடியிலும், மகளின் காதுகுத்து இரண்டு டிவிடியிலும் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய சினிமா டிவிடிகளும் ஒரு பெட்டி நிறைய உண்டு. எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றி டிவியில் பார்க்க வேண்டும். மதுரையில் ஒரு கடையில் கேட்டால் 'எச்டி ஆக்கித் தருகிறோம்' என்கிறார்கள். கொடுக்கலாமா, நானே செய்யலாமா? என்னிடம் இருப்பது பழைய ஐ3 லேப்டாப்."

நீங்களே செய்யலாம். அந்த லேப்டாப் போதும், கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். அதில் டிஸ்க் டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கேட்டுப் பாருங்கள், கிடைக்கும்.

'எச்டி' பேச்சுக்கு மயங்க வேண்டாம். நம் ஊர் டிவிடியில் படத்தின் அளவு 720க்கு 576. பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். முழு எச்டி படத்துக்கு 20,73,600 புள்ளிகள் வேண்டும், அதாவது சரியாக ஐந்து மடங்கு. இல்லாத நாலு பங்கை மென்பொருள் தானாக இட்டு நிரப்பும். ஃபைல் பெருக்கும், முகங்களில் மழமழவென்று ஒரு பூச்சு ஏறும். உங்கள் டிவி இந்த வேலையைத் திரையில் காட்டும்போதே இலவசமாகச் செய்துவிடும்.

முதல் வேலை சுருக்குவது அல்ல, நகல் எடுப்பது. டிவிடியைத் திறந்தால் 'வீடியோ டிஎஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை முழுசாக ஹார்டு டிஸ்கில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் எழுதப்படும் டிவிடிகளில் படம் ஒரு சாயப் படலத்தில்தான் பதிகிறது, வெயிலிலும் சூட்டிலும் அது மங்கும். பீரோ மேலே, தகரக் கூரைக்கு அடியில் பல சித்திரை கண்ட தட்டு அடுத்த வருஷமும் ஓடும் என்று நம்ப முடியாது. அழுக்கு இருந்தால் ஈரமான மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். பற்பசை வைத்தியம் வேண்டவே வேண்டாம். நகல் பாதியில் நின்றால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று படிக்காததை இன்னொன்று படித்துவிடுவது சகஜம். அதற்கும் மசியாவிட்டால் ஐசோபஸ்டர் மாதிரியான மீட்பு மென்பொருள் இருக்கிறது.

சுருக்குவதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். நகல் எடுத்த ஃபோல்டரை அதில் திறங்கள். விழா டிவிடிகளில் சீர் ஊர்வலம், காதுகுத்து, விருந்து என்று தனித்தனி 'டைட்டில்' ஆகப் பிரித்திருப்பார்கள். ஹேண்ட்பிரேக் ஒன்றைத்தான் எடுத்துக் காட்டும். மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்து வரிசையில் சேர்க்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, பாதி விழாவைக் காணோம் என்று தேடுகிறவர்கள் நிறைய.

தயார் அமைப்புகளில் 'ஃபாஸ்ட் 576பி25' தேர்ந்தெடுத்து, வீடியோ வகை எச்.264 என்றே இருக்கட்டும். எச்.265 இன்னும் சிறிதாக்கும், ஆனால் ஐ3 திணறும், பழைய டிவி ஓட்டவும் மறுக்கலாம். தரத்துக்கான 'ஆர்எஃப்' எண்ணில்தான் சூட்சுமம். எண் குறைந்தால் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். ஆறு எண் இறக்கினால் அளவு ஏறக்குறைய இரட்டிக்கும். டிவிடிக்கு 18 முதல் 22 வரை நல்லது, நானாக இருந்தால் 20 வைப்பேன். '700 எம்பிக்குள் வேண்டும்' என்று அளவை முதலில் நிர்ணயிக்காதீர்கள். ஒரு படத்தை ஒரு சிடியில் அடைத்த காலத்துப் பழக்கம் அது.

அடுத்தது கோடுகள். அந்தக் காலக் கேமராக்கள் ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக, ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு முறையும் இரட்டைப்படைக் கோடுகளை மறுமுறையும், பதிவு செய்தன. பழைய குழாய் டிவியில் இது தெரியாது. கணினியில் பார்த்தால், தாய்மாமன் சீர் வரும்போது முன்னால் தப்பாட்டம் ஆடுகிறவர்களின் கையும் காலும் பல்பல்லாகக் கிழிந்து தெரியும். ஹேண்ட்பிரேக்கின் ஃபில்டர் பகுதியில் 'டீகோம்ப்' இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டம் நிறைய இருந்தால் அதிலேயே 'பாப்' தேர்ந்தெடுத்து, வேகத்தை நொடிக்கு 50 படமாக்குங்கள். அசைவு வழுக்கிக்கொண்டு போகும். ஒருமுறை இந்தக் கோடுகளோடு சுருக்கிவிட்டால் பின்னால் ஒழுங்காக நீக்க முடியாது. நகலைப் பத்திரப்படுத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மொத்தமாக ஓட்டும் முன், அதே ஆட்டக் காட்சியில் ஒரு நிமிஷத்தை மட்டும் மாற்றி, உங்கள் டிவியிலேயே போட்டுப் பாருங்கள். முகங்கள் நீண்டோ நசுங்கியோ தெரிந்தால் படத்தின் விகிதத்தை டிவி கண்டுகொள்ளவில்லை. பழைய டிவி போலச் சதுரமாகத் தெரியும் படம் என்றால் 'அனமார்ஃபிக்' அமைப்பை நிறுத்திவிட்டு அளவை 768க்கு 576 ஆக்குங்கள். ஒலிக்கு ஏஏசி, 160 கேபிபிஎஸ். நாயனத்துக்கும் மொய் வாசிப்புக்கும் அது தாராளம்.

கல்யாண விசிடி கதை வேறு. அதில் படமே 352க்கு 288தான், ஏற்கெனவே கடுமையாகச் சுருக்கியது. அதை மறுபடி சுருக்குவது கரும்புச் சக்கையை ஆலையில் விடுவது போலத்தான். 'எம்பெக்ஏவி' ஃபோல்டரில் உள்ள டேட் ஃபைல்களை எடுத்து வையுங்கள், விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரில் அப்படியே ஓடும். டிவி ஏற்காவிட்டால் மட்டும் எம்பி4 ஆக மாற்றுங்கள். விசிடியின் வீடியோப் பகுதியில் பிழைதிருத்தும் தகவல் குறைவு. அதனால் பிளேயரில் ஓடும் தட்டைக்கூட விண்டோஸ் நகல் எடுக்க மறுக்கும், அங்கேயும் ஐசோபஸ்டர் கைகொடுக்கும். சிடியில் தகவல் இருப்பது லேபிளுக்கு நேர் அடியில். பெயர் ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தால் படமும் கூடவே வந்துவிடும்.

சினிமா டிவிடிகளை விட்டுவிடுங்கள். கம்பெனி வெளியிட்டவற்றில் பெரும்பாலும் பூட்டு உண்டு, ஹேண்ட்பிரேக் அதைத் திறக்காது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு அந்தப் பூட்டை உடைப்பது, 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவின்படி குற்றம். தட்டை டிவிடி டிரைவில் போட்டு விஎல்சியில் பார்த்துக்கொள்ளலாம். 'ஒரே டிவிடியில் மூணு படம்' வகையறா ஏதாவது பெட்டியில் கலந்திருந்தால், அதற்காக மின்சாரம் செலவழிக்க வேண்டாம்.

பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. சுருக்கிய காதுகுத்து அதற்குள் அடங்கிவிடும். அசல் நகல்கள் ஹார்டு டிஸ்கிலேயே இருக்கட்டும், இன்னொரு பிரதி சொந்தக்காரர் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. யூடியூபில் ஏற்றும் எண்ணம் இருந்தால் ஒன்று: வீடியோக்காரர் பின்னணியில் போட்ட சினிமாப் பாட்டுகளுக்கு உரிமைக் கோரிக்கை வரும், சில சமயம் படமே முடக்கப்படும். குடும்பத்துக்கு மட்டும் என்றால் கூகுள் டிரைவ் இணைப்பை அனுப்பிவிடுங்கள்.